வீட்டுக்குள் ஓடும் ஆண் சிலந்தி யாரைத் தேடுகிறது?

செப்ரெம்பர் பிறந்தால் எங்கள் வீடுகளில் ஒரு கூச்சல் கேட்கும். இலண்டனிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ, இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும் நேரத்தில், உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று வரவேற்பறையின் குறுக்கே ஓடும். இல்லையென்றால் காலையில் குளியல் தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் நிற்கும். பிள்ளைகள் கதிரையில் ஏறிவிடுவார்கள். யாரோ ஒருவர் செருப்பைத் தேடுவார். "வெளியிலை குளிர் தொடங்கீட்டுது, அதுதான் உள்ளுக்கு வருகுது" என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

அந்த விளக்கம் பெரும்பாலும் சரியல்ல. அந்தச் சிலந்தி பல மாதங்களாக எங்கள் வீட்டிலேயே, அலுமாரிக்குப் பின்னாலோ வாகனக் கொட்டகை மூலையிலோ, தன் வலையில் இருந்திருக்கிறது. நாம்தான் காணவில்லை. இப்போது அது வலையை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் குளிர் அல்ல. அது வளர்ந்து முடித்த ஆண். தன் இனத்துப் பெண்ணைத் தேடிப் புறப்பட்டிருக்கிறது. இது அதன் வாழ்வின் கடைசிப் பயணம்.

அது ஆண்தான் என்று எப்படித் தெரியும்? அடுத்த முறை ஒரு கண்ணாடிக் குவளையால் அதை மூடிவிட்டு, அதன் முகப்பக்கத்தைப் பாருங்கள். எட்டுக் கால்களுக்கும் முன்னால், வாயருகே, இரண்டு குட்டைக் கைகள் இருக்கும். பெண்ணுக்கு அவை மெலிந்திருக்கும். வளர்ந்த ஆணுக்கோ அவற்றின் நுனி, குத்துச்சண்டைக்காரர் கையுறை மாட்டியதுபோல் வீங்கியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கையுறைகளைப் பற்றியது. உலகில் எத்தனை வகைச் சிலந்திகள் உள்ளன என்று நாம் எவ்வாறு அறிகிறோம், அத்தனை வகைகள் ஏன் உண்டாயின என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கையில் ஏந்திச் செல்லும் விந்து

வாயருகே உள்ள இந்தக் கைகளை இங்கே உணர்கைகள் என்று அழைப்போம். விந்து உண்டாவது ஆணின் வயிற்றில். ஆனால் வயிற்றையும் உணர்கையையும் இணைக்கும் குழாய் எதுவும் உடலுக்குள் இல்லை. ஆகவே ஆண் சிலந்தி ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. கைக்குட்டை போன்ற சிறு வலையொன்றைப் பின்னி, வயிற்றின் அடியில் உள்ள துளையிலிருந்து ஒரு துளி விந்தை அதில் விடுகிறது. பிறகு உணர்கை நுனிகளை அந்தத் துளியில் தோய்த்து, பேனைக்கு மை நிரப்புவதுபோல் உள்ளிழுத்துக்கொள்கிறது. அதன் பின்னரே பெண்ணைத் தேடிக் கிளம்புகிறது.

பெண்ணின் வயிற்றடியில் இனப்பெருக்கத் துளை இருக்கிறது. பல இனங்களில் அதைச் சுற்றி, கெட்டியான தோலால் ஆன தட்டு ஒன்றும் உண்டு. உள்ளே விந்தைச் சேமிக்கும் பைகள். கலவி முடிந்தவுடன் முட்டைகள் கருவுறுவதில்லை. பெண் அந்த விந்தைப் பல வாரங்கள், சில இனங்களில் பல மாதங்கள் பாதுகாத்து வைத்து, முட்டையிடும் வேளையில்தான் பயன்படுத்துகிறது. எங்கள் வரவேற்பறையில் ஓடிய ஆண், தேடிய பெண்ணை அடைந்துவிட்டால் சில வாரங்கள் அவளது வலையிலேயே தங்கி, அங்கேயே இறந்துபோகும். அதன் பிள்ளைகள் பிறப்பது அடுத்த ஆண்டு.

இடையில் இவ்வளவு காலம் இருப்பதால், ஒரு பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களின் விந்தைச் சேமித்து வைத்திருக்க முடியும். யாருடைய விந்து முட்டையைச் சேரும் என்பது கலவியோடு முடிவாவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

ஐம்பதாயிரம் பெயர்கள்

சிலந்திகளுக்கு முறையாக விஞ்ஞானப் பெயர் சூட்டும் வேலை 1757இல் சுவீடனில் கார்ல் கிளார்க் என்பவரின் நூலோடு தொடங்கியது. இன்று உலகின் எல்லாச் சிலந்திப் பெயர்களையும் பதிந்து வைத்திருக்கும் பட்டியல், எங்களில் பலர் வாழும் சுவிஸ் நாட்டின் பேர்ண் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. 2022 ஏப்ரலில் அந்தப் பட்டியல் 50,000 இனங்களைத் தொட்டது. ஐம்பதாயிரமாவதாகப் பதியப்பட்டது தென் பிரேசில், உருகுவே பகுதிகளில் வாழும் குரியூரியஸ் மினுவானோ என்ற பாயும் சிலந்தி. முதல் 50,000 பெயர்களுக்கு 265 ஆண்டுகள் சென்றன. அடுத்த 50,000 நூறு ஆண்டுகளுக்குள் வந்துவிடும் என்று பட்டியலைப் பேணுவோர் எதிர்பார்க்கிறார்கள்.

இரண்டு சிலந்திகள் ஒரே இனமா வேறு வேறு இனமா என்று இந்த வல்லுநர்கள் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்? நிறத்தையோ பருமனையோ மட்டும் பார்த்தல்ல. அவை ஒரே இனத்துக்குள்ளும் மாறும். நுணுக்குக்காட்டியின் கீழ் ஆணின் உணர்கையையும் பெண்ணின் வயிற்றடித் தட்டையும் பார்க்கிறார்கள். உணர்கை நுனியில் கொக்கிகள், சுருள்கள், முட்கள், கரண்டிகள் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு அமைப்பு. வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இரண்டு சிலந்திகள் இந்த ஓர் உறுப்பில் முற்றிலும் வேறுபட்டு நிற்கும். அதனால்தான் குஞ்சுச் சிலந்தி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எந்த இனம் என்று சொல்ல வல்லுநர்களே பெரும்பாலும் தயங்குவார்கள். அந்த உறுப்பு வளர்ந்து முடித்த சிலந்தியில்தான் உருப்பெறும்.

உடலின் மற்றப் பாகங்கள் அதிகம் மாறாமல் இருக்க, இந்த உறுப்பு மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது? ஊரில் விலங்கியல் பாடத்தில் கூர்ப்பு என்று படித்தோமே, தமிழ்நாட்டார் பரிணாமம் என்பார்களே, அதன் மிகச் சுவையான கேள்விகளில் இதுவும் ஒன்று.

பூட்டும் திறப்புமா?

முதல் விடையை 1844இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெயோன் டுஃபூர் சொன்னார். ஆணின் உறுப்பு திறப்பு, பெண்ணின் உறுப்பு பூட்டு. சரியான திறப்புத்தான் சரியான பூட்டைத் திறக்கும்; அதனால் இனங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றன என்றார். கேட்க அழகான விளக்கம். ஆனால் ஆராய ஆராய அதில் இடைவெளிகள் தெரிந்தன. ஒன்றையொன்று ஒருநாளும் சந்திக்க முடியாத தொலைவில், வேறு வேறு தீவுகளில் வாழும் நெருங்கிய இனங்களிலும் இந்த உறுப்பு வேறுபடுகிறது. தவறான ஆள் வந்துவிடுவான் என்ற அச்சமே இல்லாத இடத்தில் பூட்டு எதற்கு?

1985இல் வில்லியம் எபர்ஹார்ட் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். கலவிக்குப் பின்னரும் பெண் தெரிவு செய்துகொண்டேயிருக்கிறது என்பதே அதன் சாரம். கலவியை இடையில் நிறுத்தலாம். ஒருவனின் விந்தைக் கூடுதலாகவும் மற்றவனின் விந்தைக் குறைவாகவும் சேமிக்கலாம். எந்த ஆண் சரியாகத் தொட்டு, சரியாகப் பற்றி, பெண்ணின் உடலை இணங்க வைக்கிறதோ, அதன் பிள்ளைகளே அதிகம் பிறப்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை உணர்கையின் வடிவம் இந்தத் தெரிவினால் செதுக்கப்படுகிறது. இதனோடு இன்னொரு கருத்தும் சேர்ந்து பேசப்படுகிறது. ஆணுக்கு நன்மையானது எப்போதும் பெண்ணுக்கு நன்மையானதல்ல. ஆண் ஒரு உபாயம் கண்டால் பெண் ஒரு மாற்று உபாயம் காணும். இந்த இழுபறியும் உறுப்புகளை வேகமாக மாற்றும்.

பிரிந்து வாழும் இரண்டு கூட்டங்களில் இந்த விருப்பங்கள் வேறு வேறு திசையில் சென்றால், மீண்டும் சந்திக்கும்போது ஒன்றையொன்று துணையாக ஏற்காமல் போகலாம். அப்போது ஓர் இனம் இரண்டாகிவிட்டது.

அவுஸ்திரேலியாவின் மயில் சிலந்திகளில் இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அரிசி மணியளவே உள்ள இந்தச் சிலந்திகளில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெண் மங்கிய மண்ணிறம். ஆணோ தன் வயிற்றின் மேலுள்ள வண்ண மடலை மயில் தோகைபோல் உயர்த்தி, காலைத் தூக்கி ஆட்டி, நிலத்தைத் தட்டி அதிரவைத்து ஆடும். வண்ணமும் ஆட்டமும் இனத்துக்கு இனம் மாறும். ஆட்டம் பிடிக்காத பெண் திரும்பிப் போகும். சிலவேளை பாய்ந்து பிடித்தும்விடும்.

உயிரைக் கொடுத்தும், கொடாமலும்

சிலந்தி என்றாலே "பெண் ஆணைத் தின்றுவிடும்" என்ற ஒரு செய்திதான் பலருக்குத் தெரியும். அது எல்லா இனத்துக்கும் பொருந்தாது. பொருந்தும் இனங்களிலும் கதை அவ்வளவு எளிதல்ல.

அவுஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியில் ஆணின் எடை பெண்ணின் எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். கலவி நடக்கும்போதே ஆண் குட்டிக்கரணம் அடித்துத் தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைக்கும். பெண் பல தடவைகளில் அதைத் தின்றுவிடும். இது தற்கொலையா? 1996இல் மெய்டியான் அன்ட்ரேட் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். தின்னப்பட்ட ஆண்களின் கலவி நீண்ட நேரம் நீடித்தது. அவை கூடுதல் முட்டைகளுக்குத் தகப்பனாகின. முதல் ஆணைத் தின்ற பெண்கள் அடுத்த ஆணை ஏற்பதும் குறைந்தது. மறுபக்கம், பெண்ணைத் தேடிச் செல்லும் ஆண்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வழியிலேயே இறந்துபோகின்றன. இரண்டாவது வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்ற நிலையில், கிடைத்த ஒரு வாய்ப்பில் அனைத்தையும் போட்டுவிடுவதுதான் கூர்ப்பின் கணக்கு. ஜமேக்காவில் பிறந்து கனடாவுக்கு வந்த அன்ட்ரேட் பேராசிரியராகப் பணியாற்றுவது, எங்கள் பிள்ளைகள் பலர் படிக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில்.

இலங்கை, தென்னிந்தியா முதல் சிங்கப்பூர் வரை வாழும் நெஃபிலெங்கிஸ் மலபாரென்சிஸ் என்ற சிலந்தி வேறு வழி கண்டிருக்கிறது. கலவியின்போது ஆணின் உணர்கை முறிந்து பெண்ணின் உடலிலேயே தங்கிவிடும். 2012இல் சிங்கப்பூரில் செய்த ஆய்வில், முறிந்த உணர்கை ஆண் விலகிய பின்னரும் தொடர்ந்து விந்தைச் செலுத்துவது தெரியவந்தது. அதே உறுப்பு அடுத்த ஆணுக்கு வழியை அடைக்கும் தக்கையாகவும் நிற்கிறது. உறுப்பை இழந்த ஆண் உயிர் தப்பினால் பெண்ணின் அருகே நின்று காவல் காக்கும். இழப்பதற்கு இனி எதுவும் இல்லாத அது, மற்ற ஆண்களோடு மூர்க்கமாகச் சண்டையும் போடும்.

ஐரோப்பியப் புல்வெளிகளில், குளவிபோல் மஞ்சளும் கறுப்பும் பட்டையிட்ட சிலந்தியை நாம் கண்டிருப்போம். அந்த இனத்தில் சில விநாடிகளில் விலகும் ஆண் தப்பிக்கொள்ளும். தாமதிக்கும் ஆண் தின்னப்படும். ஹம்பேர்க்கில் செய்த ஆய்வொன்றில், கூடப்பிறந்த பெண்ணோடு சேர நேர்ந்த ஆண்கள் கலவியை விரைவில் முடித்துத் தப்பியோடின. உறவில்லாத பெண்ணாயின் நின்று உயிரைக் கொடுத்தன. நெருங்கிய உறவில் பிறக்கும் பிள்ளைகளுக்காக உயிரைச் செலவழிப்பதில்லை என்பதுபோல் இருக்கிறது அதன் நடத்தை.

ஐரோப்பாவெங்கும் புதர்களில் வாழும் இன்னொரு சிலந்தியில், ஆண் சீதனம் கொண்டுபோகும். பிடித்த இலையானைப் பட்டு நூலால் வெள்ளைப் பொட்டலமாகச் சுற்றிப் பெண்ணிடம் நீட்டும். பெண் அதை உண்ணும் நேரத்தில் கலவி நடக்கும். சில ஆண்கள் உள்ளே தின்று முடித்த வெறுங்கூட்டையோ செடியின் விதையையோ வைத்துச் சுற்றி ஏமாற்றுவதும் உண்டு. பொட்டலத்தில் ஒன்றுமில்லை என்று கண்ட பெண் கலவியை இடையில் நிறுத்திவிடும். பரிசே கொண்டுவராத ஆணின் விந்தைக் குறைவாகவே சேமிக்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்தது. எபர்ஹார்ட் சொன்ன மறைவான தெரிவு இதுதான்.

ஆண் வேண்டாம் என்று விட்ட இனமும் இருக்கிறது. ஐரோப்பாவின் தாவரவியல் பூங்காக்களில் வெப்பக் கண்ணாடி வீடுகளில் வாழும் ட்ரையேரிஸ் என்ற மிகச் சிறிய சிலந்தியில் இதுவரை பெண்கள் மட்டுமே காணப்பட்டுள்ளன. ஆணின்றியே முட்டைகள் பொரிக்கின்றன.

தாய்மையின் பல வடிவங்கள்

ஊரில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பெரிய மண்ணிறச் சிலந்தி நினைவிருக்கும். வெள்ளைக் காசுபோல் ஒரு தட்டையான பொதியை வயிற்றின் கீழ் அணைத்தபடி நிற்கும். அது முட்டைப்பொதி. குஞ்சுகள் வெளிவரும்வரை பெண் அதை இறக்கி வைப்பதில்லை.

அதைவிடக் கடுமையான தாய்மையும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் வறண்ட நிலத்து முட்புதர்களில், நூற்றுக்கணக்கான சிலந்திகள் ஒரே பட்டுக் கூட்டில் சேர்ந்து வாழும் இனம் ஒன்றிருக்கிறது. பாசல் நகரத்து சாராசின் உறவினர் இருவர் இலங்கையில் சேகரித்தவற்றிலிருந்து 1892இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டதால், அவர்கள் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அந்தக் கூட்டில் ஆண்கள் மிகக் குறைவு; பெண்கள் மிக அதிகம். தாய் தன் உடலையே கரைத்து வாய்வழியே குஞ்சுகளுக்கு ஊட்டும். இறுதியில் குஞ்சுகள் தாயையே உண்டு முடிக்கும். ஒரே கூட்டுக்குள் உறவுக்குள்ளேயே பிள்ளை பெறும் இந்த வாழ்க்கைமுறை, இதே பேரினத்தில் மூன்று தடவைகள் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

சீனாவில் ஆராயப்பட்ட, எறும்புபோல் தோன்றும் ஒரு பாயும் சிலந்தி, குஞ்சுகளுக்குப் பால் போன்ற திரவத்தைச் சுரந்து ஊட்டுகிறது என்று 2018இல் தெரிந்தது. அதில் பசுப்பாலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு புரதம். குஞ்சுகள் இருபது நாட்களில் தாமே இரைதேடப் போகத் தொடங்கினாலும், நாற்பது நாள்வரை திரும்பி வந்து பால் குடிக்கின்றன.

மாங்குளத்தில் வந்து நின்ற ஆண்

இவ்வளவும் பெயர் பெற்ற சிலந்திகளின் கதை. பெயர் பெறாதவை?

2009 ஒக்டோபரில், போர் ஓய்ந்து சில மாதங்களே ஆன வடக்கில், ஆய்வாளர் குழுவொன்றிடம் ஊரவர் ஒருவர் இறந்த ஆண் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மரங்களில் வாழும், உலகம் டரான்டுலா என்று அழைக்கும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி அது. கால்களை விரித்தால் இருபது சென்ரிமீற்றர் வரை வரக்கூடியது. குழுவினர் தேடி அலைந்து, மாங்குளத்தில் முதிர்ந்த மரங்களிலும் வைத்தியசாலையின் பழைய விடுதிக் கட்டடத்திலும் பெண்களையும் குஞ்சுகளையும் கண்டார்கள். 2012இல் அது பொசிலோதீரியா ராஜேயி என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டுவழி காட்டிய உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. முதிர்ந்த மரங்கள் அருகிப்போனதால்தான் அது பழைய கட்டடங்களுக்குள் புகுகிறது என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2015இல் இதன் நெருங்கிய உறவினம் ஒன்று மன்னாரில் பதிவானது. அதற்கு முன் அது இராமேசுவரம் பகுதியில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. கடலுக்கு இருபுறமும் ஒரே சிலந்தி. அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

பெருஞ்சிலந்திகளிலும் வளர்ந்த ஆண்தான் பொந்தை விட்டிறங்கிப் பெண்ணைத் தேடி அலையும். ஆகவே மனிதர் கண்ணில் முதலில் படுவதும், அடிபட்டுச் சாவதும் பெரும்பாலும் அதுவே. எங்கள் வரவேற்பறையில் நடப்பதும் இதேதான். வன்னிக் காடுகளில் பல ஆண்டுகள் எந்த ஆய்வாளரும் கால் வைக்க முடியவில்லை. அங்கே முதிர்ந்த மரமொன்று வெட்டப்படும்போது, அதன் பொந்தில் இருந்தது எது என்று சொல்ல ஒரு பெயர்கூட இல்லாமல் போகலாம். பெயரில்லாத ஒன்றைப் பாதுகாக்கச் சட்டமும் இல்லை. அழிந்தது என்று எழுத ஓர் ஏடும் இல்லை. பெயரும் ஆவணமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

வரும் செப்ரெம்பரில் பிள்ளைகள் கதிரையில் ஏறும்போது, செருப்பை விட்டுவிட்டு ஒரு குவளையும் ஒரு தடித்த காகிதமும் எடுப்போம். ஐரோப்பிய வீடுகளில் ஓடும் இந்தச் சிலந்தி எங்களுக்குத் தீங்கு செய்யாது. மூடிவைத்துப் பிள்ளைகளைக் கிட்ட அழைத்து, முன்னாலுள்ள அந்த இரண்டு கையுறைகளைக் காட்டுவோம். அவன் ஏன் ஓடுகிறான் என்று சொல்வோம். பிறகு வாகனக் கொட்டகையின் இருண்ட மூலையொன்றில் அவனை விட்டுவிடலாம். அவன் தேடுபவள் அநேகமாக அங்கேதான் இருக்கிறாள்.